பொந்தை தைக்க ஒரு ரயில்

காலையில் திருத்தணியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியின் சன்னலோரத்து இருக்கை ஒன்று அனுசுயாவினுடையது என்று அந்த வண்டியில் போய்வருகிற எல்லாருக்கும் தெரியும். வண்டி திருத்தணியிலேயே புறப்படுவதால் அங்கே ஏறுகிறவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. அரக்கோணத்தில் ஏறுகிறவர்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வரும்போது, அனுசுயா மடியில் துணியை விரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஊசியில் நூல் கோத்து முடித்திருப்பாள்.

அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. விடிவதற்கு முன்பே எழுந்து, தண்ணீர் பிடித்து, ஐந்து பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது மலைமேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வீட்டில் மாமனார் சடகோபன், அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவன் தணிகைமணி சித்தூர் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவளுக்கு அவர் ‘பாவா’தான். மகள் சௌமியா கல்லூரிக்கும், மகன் பிரகாஷ் பள்ளிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரயிலில் அவள் ஊசி எடுத்தது ஒரு பாவாடையால். சௌமியா அப்போது சின்னப் பெண். பள்ளிக்கூடத்துப் பாவாடையின் ஓரம் பிரிந்து தொங்குகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அதை எடுக்க நேரமே வாய்க்கவில்லை. பொறுத்துப் பார்த்த அனுசுயா, ஒருநாள் பாவாடையைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டாள். மணவூரில் ஏறுகிற தேவகி, எழும்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இன்னா அனு, வூட்டையே தூக்கிகினு வண்டிக்கு வந்துட்டியா?”

“வூட்ல எங்க தேவகி நேரம்? ஊசிய எடுத்தா பால் பொங்குது. பால எறக்குனா மாமா கூப்புடறாரு.”

பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்து முடித்தபோது வண்டி திருவள்ளூரைக்கூடத் தாண்டவில்லை. அம்பத்தூர் வர இன்னும் நிறைய நேரம் கிடந்தது. கை சும்மா இருந்தது. புத்தி தெரிந்த நாளிலிருந்து தன் கை சும்மா இருந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. அந்த வெறுங்கையைப் பார்த்தபடியே அம்பத்தூரில் இறங்கினாள்.

அவள் பிறந்தது ஆர்.கே.பேட்டையில். பிறந்த வீட்டில் பவர்லூம் ஓடுகிறது, தம்பி குணசேகரன் லுங்கி நெய்கிறான். அளவு வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை மூட்டை கட்டிப் போட்டிருப்பான். கை துடைக்க, வண்டி துடைக்க என்று மெக்கானிக் கடைக்காரர்கள் வாங்கிப் போவார்கள். அடுத்த தடவை போனபோது அனுசுயா அந்த மூட்டையைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?”

“பொந்த தெக்கப் போறேன்டா.”

பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, அதன்மேல் துண்டுத் துணிகளை இணைத்துப் போட்டு, எல்லாம் சேர்ந்து நிற்க ஓட்டுத்தையல் ஓட்டினால் அது பொந்தை. விரித்துப் படுக்கலாம், குளிருக்குப் போர்த்தலாம். அந்தப் பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர் எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஆனால் போர்வை வாங்க வழியில்லாதவர்கள் வீட்டுச் சாமான் என்றுதான் அதற்குப் பெயர்.

குணசேகரன் விழுந்து விழுந்து சிரித்தான். “பொந்தயா? நைனா காதுல வுழுந்தா, எம்பொண்ணுக்கு ஒரு போர்வை வாங்கித் தர வக்கில்லையான்னு பாவா கிட்ட சண்டைக்குப் பூடுவாரு.”

சிரித்தாலும், நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்தவன் அவன்தான்.

அன்றிலிருந்து அந்தக் காலை ரயிலும் மாலை ரயிலும் அவளுடைய தையல் நேரமாயின. உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து வைத்துக்கொள்வாள். வண்டி சீராக ஓடும்போது தையல். ஸ்டேஷனில் நிற்கும்போது நூல் கோப்பது, முடிச்சுப் போடுவது. சிக்னல் கிடைக்காமல் வண்டி நடுவழியில் நின்றால் பெட்டி முழுக்க ரயில்வேயைத் திட்டும். அனுசுயா மட்டும் வாயே திறக்க மாட்டாள். அவளுக்கு அது யாரோ மடியில் போட்டுவிட்டுப் போன வரவு.

லுங்கித் துணியில் கட்டங்கள்தான் அழகும், தொல்லையும். ஒரு துண்டின் கோடு பக்கத்துத் துண்டின் கோட்டில் போய்ச் சேர வேண்டும். அரை நூல் தள்ளிப் போனாலும் கண்ணுக்கு உறுத்தும். சேராவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். “யாரு அனு பாக்கப் போறாங்க இத்த?” என்று தேவகி கேட்டால், “நான் பாத்துட்டனே” என்பாள்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் தைத்தாள். தேவகியின் அக்கா பேத்திக்கு ஒரு குழந்தை விரிப்பு. கடையில் நாளெல்லாம் உட்கார்ந்து காயில் கட்டுகிற தணிகைமணிக்கு ஸ்டூல் மேல் போட ஒன்று. மாமனாரின் சாய்வு நாற்காலிக்கு ஒன்று. சௌமியாவின் சிநேகிதி கேட்டாள் என்று ஒன்று. தைத்தவையெல்லாம் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தன. கொடுப்பதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒருநாள் மாலை, வீட்டுக்குத் திரும்பும்போது, அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. இரட்டைக் கட்டில் முழுக்க மூடுகிற மாதிரி ஒரு பெரிய பொந்தை. ஓரங்களில் கருநீலமும் அடர்பச்சையும், உள்ளே வர வர நிறம் வெளிறிக்கொண்டே வந்து, நடுவில் இளமஞ்சள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டாள். பிறகு அதை மறக்க முடியவில்லை.

பெரிய பொந்தையின் நான்கில் ஒரு பங்கு முடிந்திருந்த சமயத்தில்தான் அந்த நல்ல செய்தி வந்தது. திருத்தணியிலேயே புதிதாக ஒரு மருத்துவமனை திறக்கிறார்கள், பில் போடத் தெரிந்தவர் வேண்டுமாம். தணிகைமணி கேள்விப்பட்டு வந்து சொன்னார். சம்பளம் கிட்டத்தட்ட அதேதான். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். வேலை கிடைத்ததும் வீடே கொண்டாடியது. சடகோபன் மலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அனுசுயாவுக்கும் சந்தோஷம்தான், இல்லாமலா? கடைசி நாளன்று பெண்கள் பெட்டியில் கேக் வெட்டினார்கள். தேவகி அழுது, சிரித்து, “போடி, இனிமே அந்த சன்னல் சீட்டு எனக்குத்தான்” என்றாள்.

மிச்சமாகப் போகிற நேரத்தை நினைத்து அனுசுயா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பொங்கலுக்குள் பொந்தை முடிந்துவிடும் என்பது அவள் நினைப்பு.

முடியவில்லை. அந்த நேரம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் அவசரமில்லையே என்று சூடாக இட்லி கேட்டார்கள். மத்தியானம் பக்கத்தில்தானே இருக்கிறாய் என்று வீட்டுக்கு வந்து சோறு போடச் சொன்னார்கள். மாலையில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் சடகோபன் “அனு, காபி” என்பார். காபி ஆனால் பிரகாஷுக்குப் பசிக்கும். பக்கத்து வீட்டு பாஞ்சாலி உறை மோருக்கு வந்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, மோர் வாங்காமல் போய் மறுபடி வருவாள். மாதம் தவறாமல் கிருத்திகை வேறு. முன்பெல்லாம் மலைக்கு வருகிற சொந்தக்காரர்கள் அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்போது ஸ்டேஷனில் இறங்கும்போதே போன் வந்துவிடும். “அனு, பெருசா ஒண்ணும் வாணாம்மா, சாம்பார் சாதம் இருந்தாப் போதும்.”

துணிப்பை சுவர் ஆணியிலேயே தொங்கியது. அதன்மேல் பிரகாஷின் கிரிக்கெட் தொப்பி, அதன்மேல் சௌமியாவின் துப்பட்டா என்று ஏறிக்கொண்டே போய், பை இருப்பதே தெரியாமல் போயிற்று.

அனுசுயாவுக்குக் கோபம் வர ஆரம்பித்தது. எதற்கு என்று தெரியாத கோபம். ஒருநாள் காலையில் பிரகாஷ் “மா, சாக்ஸ் எங்க?” என்று கேட்டதற்குக் கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தாள். கரண்டி சுவரில் பட்டுத் தெறித்தது. பையன் பயந்து போனான். அவனைவிட அவள்தான் அதிகம் பயந்தாள். அன்று மாலை சௌமியா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்:

“நீ ட்ரெயின்ல போய்கினு இருந்தப்பவே நல்லா இருந்த, மா.”

அந்தப் பெண் எதை நினைத்துச் சொன்னாளோ. அனுசுயாவுக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சமையலை முடித்துவிட்டு, ஆணியிலிருந்து பையை எடுத்தாள். “அரக்கோணம் வரைக்கும் போயிட்டு வரேன். தேவகி வரேன்னா” என்று சொன்னாள். தேவகி வருவதாகச் சொல்லவே இல்லை. ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்து, காலியாகக் கிடந்த பெண்கள் பெட்டியில் ஏறி, பழைய சன்னலோரத்தில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. ஊசி தன்பாட்டுக்கு ஓடியது. அரக்கோணத்தில் இறங்கி, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து தைத்தாள். திரும்புகிற வண்டி வந்தது, ஏறினாள், தைத்துக்கொண்டே வீடு வந்தாள். அன்று மாலை பாஞ்சாலியிடம்கூடச் சிரித்துப் பேசினாள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அரக்கோணம். ஒருநாள் தேவகி, ஒருநாள் சீட்டுப் பணம், ஒருநாள் நல்ல விலையில் வெங்காயம். காரணத்துக்கா பஞ்சம்?

பிடிபட்டது ஆவணி மாதத்தில். அரக்கோணத்தில் ஒருவர் வீட்டு ஆழ்குழாய் மோட்டாரைப் பார்க்கப் பஸ்ஸில் போயிருந்த தணிகைமணி, திரும்பும்போது ரயிலைப் பிடிக்கலாம் என்று ஸ்டேஷனுக்கு வந்தார். பிளாட்பார பெஞ்சில், காலடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மடி நிறைய லுங்கித் துண்டுகளோடு தன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் நின்றார்.

“அனு? இன்னா இங்க ஒக்காந்துகினு இருக்கற? தேவகி எங்க?”

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“தேவகி வரல பாவா. ஒரு வாரமும் வரல. நான் தெக்கத்தான் வரேன்.”

“தெக்கறதுக்கு அரக்கோணமா?” அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகம் வாடிப் போயிருந்தது. “வூட்ல இடமா இல்ல உனக்கு?”

“இடம் இருக்குது பாவா.” அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “வண்டியில ஒக்காந்தா, நான் எங்கயோ போய்கினு இருக்கறேன்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் கூப்புட மாட்டாங்க. வூட்ல ஒக்காந்து தெச்சா, அனு சும்மா ஒக்காந்துகினு இருக்கறான்னுதான் தெரியுது. சும்மா இருக்கறவள யாரு வாணாலும் கூப்புடலாம் இல்ல?”

கடையில் தானே காயில் கட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் சுற்று எண்ணிக்கை தவறிவிடும் என்று ஆளையே விரட்டுகிறவர் அவர். அது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு, “நான் சொல்றேன் நைனா கிட்டயும் பசங்ககிட்டயும். இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு” என்றார்.

“வாணாம் பாவா. நீங்க சொன்னா, நீங்க குடுத்த லீவா ஆயிடும். நானே சொல்றேன்.”

வண்டி வந்தது. இருவரும் பொதுப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் தைத்தாள். தைத்த பகுதி தரையில் புரளாமல் இருக்கத் தணிகைமணி அதன் ஓரத்தைத் தன் மடியில் ஏந்திக்கொண்டார். திருத்தணி வருவதற்குள் அதன் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, “கோடு எங்கயும் தப்பல” என்றார். அளவு பார்த்து வேலை செய்கிற மனிதர் வாயிலிருந்து அது வந்ததில் அனுசுயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டாள்.

“நாளைலேர்ந்து சாயங்காலம் வெளக்கேத்துனதும் நான் ட்ரெயின் ஏறிடுவேன்.”

எல்லாரும் நிமிர்ந்தார்கள். “எந்த ட்ரெயின்?” என்றார் சடகோபன்.

“வூட்டு ட்ரெயின்தான் மாமா. அந்த சன்னல் பக்கத்து நாற்காலி. ராத்திரி சாப்பாட்டுக்கு எறங்குவேன். அதுவரைக்கும் நான் வூட்ல இல்லன்னு வெச்சிக்குங்க.”

“அப்ப காபி?”

“நான் அம்பத்தூர் போய்கினு இருந்தப்ப சாயங்காலக் காபி யாரு மாமா போட்டாங்க?”

சடகோபன் யோசித்தார். தோசையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். “நானேதான் போட்டுக்கினேன்” என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். சௌமியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, புரையேறிவிட்டது.

முதல் நாள் சுலபமாக இருக்கவில்லை. அனுசுயா விளக்கேற்றிவிட்டு, நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாடி அறைக்குப் போயிருக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்ய அவளுக்கு மனமில்லை. ஒளிந்துகொண்டு செய்கிற வேலையா இது? வீட்டு நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படிதான் உட்கார்ந்தாள். அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. எழுந்திருக்கத் துடித்த காலை மற்றொரு காலால் அழுத்திக்கொண்டாள். பிரகாஷ் போய் அடுப்பை அணைத்தான். சடகோபன் அலமாரியைத் திறந்து திறந்து மூடினார், காபித்தூள் டப்பா கிடைக்கவில்லை என்பதை ஊருக்கே அறிவிப்பது போல. அனுசுயா தலை தூக்கவில்லை. கடைசியில் டப்பா கிடைத்தது. அது அவர் கண்முன்னாலேயேதான் இருந்தது.

அப்போது பார்த்து பாஞ்சாலி டம்ளரோடு வந்தாள். வாசலில் சௌமியா மறித்துக்கொண்டாள்.

“அம்மா ஊருக்குப் போயிருக்கறாங்க அத்தை.”

பாஞ்சாலி சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “அதோ ஒக்காந்துகினு இருக்கறாளேடி?”

உள்ளேயிருந்து காபி டம்ளரோடு சடகோபன் வெளியே வந்தார். தானே போட்ட காபியின் சர்க்கரை குறைந்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. என்ன சொல்லப் போகிறாரோ என்று அனுசுயாவுக்குத் திக்கென்றது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் பழைய பஸ்ஸில் கண்ணெதிரே எழுதியிருந்ததை அப்படியே சொன்னார்:

“வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவரிடம் பேசக் கூடாதும்மா. போர்டு பாக்கலயா நீ?”

பாஞ்சாலி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மோரைச் சௌமியாவிடமே வாங்கிக்கொண்டு போனாள். அனுசுயாவின் கையில் ஊசி தடுமாறியது, சிரிப்பில்.

அன்றிலிருந்து அந்த வண்டிக்குச் சடகோபன்தான் பொறுப்பு என்று ஆயிற்று. வாழ்நாள் முழுக்க நேரம் தவறாமல் பஸ் எடுத்த மனிதர். விளக்கேற்றிய பிறகும் அனுசுயா அடுக்களையிலேயே நின்றால், “இன்னாமா, வண்டி லேட்டா?” என்று குரல் கொடுப்பார். கிருத்திகைக்கு வருகிறேன் என்று போன் செய்கிற சொந்தக்காரர்களிடம் அவரே பேசி, மலையடிவாரத்தில் எந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பொறுமையாக விளக்குவார். பிரகாஷ் முட்டை தோசை ஊற்றக் கற்றுக்கொண்டான். ஆரம்பத்தில் அது தோசை என்று சொன்னால்தான் தெரியும். போகப் போக வட்டத்துக்கு வந்தது.

எல்லா நாளும் வண்டி ஓடியது என்று சொல்ல முடியாது. பிரகாஷுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஊசியைத் தொடவே இல்லை. ஆர்.கே.பேட்டையில் அவள் நைனா விழுந்து இடுப்பில் அடிபட்டபோது ஒரு மாதம் அங்கும் இங்குமாக ஓடினாள். ஆனால் அதெல்லாம் முடிந்ததும், ‘மறுபடி எப்ப ஆரம்பிக்கறது’ என்று தயங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள், உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

மேல்துணி முழுக்க இணைந்து முடிந்தபோது மாசி பிறந்திருந்தது. இனி அதை அடியிலிருக்கும் புடவைகளோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதற்குக் கூடம் முழுவதும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோபாவைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். டி.வி. மேசையை ஓரம் கட்டினார்கள். தரையைத் துடைத்துக் காயவிட்டு, அனுசுயா தன் பழைய பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். மேலே லுங்கிக் கட்டங்கள். தணிகைமணி ஒரு மூலையையும் சௌமியா ஒரு மூலையையும் பிரகாஷ் ஒரு மூலையையும் பிடித்து இழுக்க, நான்காவது மூலையில் சடகோபன் குனிய முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாதத்தால் மிதித்துக்கொண்டார். அனுசுயா நடுவில் மண்டியிட்டு, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவி நீவி, ஊக்கு குத்திக்கொண்டே ஓரத்துக்கு வந்தாள்.

“மா, மெஷின்ல போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்றான் பிரகாஷ்.

“முடிஞ்சிடும். அப்பறம்?” என்றாள் அனுசுயா.

மத்தியானச் சாப்பாட்டை எல்லாரும் அடுக்களையில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கூடத்தில் காலே வைக்கவில்லை.

ஓட்டுத்தையல் ஓட்டி, ஓரம் மடித்துக் கட்டி, ஆனியில் ஒருநாள் மாலை கடைசி முடிச்சைப் போட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் விரித்துவிட்டு, கதவோரம் நின்று பார்த்தாள். கருநீலம் ஓரத்தில் கனத்துக் கிடந்தது. பச்சை, இளநீலம், சாம்பல், வெளிர்பச்சை என்று ஒவ்வொன்றாக ஒளி ஏறிக்கொண்டே போய், நடுவில் மஞ்சள் அமைதியாக இருந்தது. அன்று ரயிலில் கண்ணை மூடிப் பார்த்தது இதுதானா? இல்லை. இது அதைவிட நன்றாக இருந்தது.

மறுநாளே சடகோபன் பாஞ்சாலியைக் கையோடு அழைத்து வந்து காட்டினார். பால்காரருக்குக் காட்டினார். தன்னோடு வேலை பார்த்த கண்டக்டர் துளசிங்கம் பார்க்க வந்தபோது, காபி கொடுப்பதற்கு முன்னால் அறைக்குத்தான் கூட்டிப் போனார். “எங்க மருமக தெச்சது. ஒரு கோடு தப்பிருக்குதா பாரு. பொந்தன்னு சொன்னா நம்புவியா?” மாமனாரின் குரலில் இருந்த மிடுக்கைக் கேட்டு அனுசுயா அடுக்களையில் நின்று சிரித்துக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு வழக்கம்போல் வீடு நிறைந்தது. வில்லிவாக்கத்திலிருந்து தணிகைமணியின் தங்கை சுஜாதா, கணவன், பெண்ணோடு பூக்காவடி எடுக்க வந்திருந்தாள். பை வைக்க அறைக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பொந்தையைத் தொட்டுப் பார்த்தாள். புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள். வெளியே வந்து, கூடத்தில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

“அண்ணி, அந்த பொந்த எங்க பொண்ணுக்குக் குடுத்துடு. தையில கல்யாணம் வெச்சிருக்கறோம் இல்ல? சீரோட வெச்சா எவ்ளோ நல்லா இருக்கும்!”

அனுசுயா தைத்தது எதுவும் அவளிடம் தங்கியதில்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். சுஜாதாவும் அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டாள். தணிகைமணி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் ஏதோ சொல்ல வருவதை அனுசுயா கண்ணாலேயே நிறுத்தினாள்.

“இல்ல சுஜாதா. அத்தக் குடுக்க மாட்டேன்.”

“யாருக்குன்னு எடுத்து வெச்சிருக்கற? சௌமியா கல்யாணத்துக்கா?”

“இல்ல. எனக்கு.”

அந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. சொன்ன பிறகு முகம் சூடாயிற்று, ஆனால் தலை தாழவில்லை. சௌமியா அம்மாவை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

சுஜாதாவின் முகம் சுருங்கியது. “ஆங், சரி. ஒனக்குன்னா ஒனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, பூ தொடுக்க உட்கார்ந்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று அனுசுயாவுக்குத் தோன்றத்தான் செய்தது. எழுந்துபோய், தம்பி கொடுத்த துண்டுகளில் மிச்சமிருந்தவற்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

“இத்துல இன்னொரு பொந்தைக்குத் துணி இருக்குது. எப்படி வெட்றதுன்னு நான் காட்டறேன். நீ தெச்சிப் போட்டா உன் பொண்ணுக்கு இன்னும் சந்தோஷமா இருக்கும்.”

“நானா? எனக்கு எங்க அண்ணி நேரம்? வேலை, வூடு, மாமியாருன்னு…”

சுஜாதா பாதியில் நிறுத்திக்கொண்டாள். பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு சிவப்புக் கட்டத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஒரு மெரூன் கட்டத்தை வைத்துப் பார்த்தாள். ஒத்துப் போகவில்லை. இன்னொன்றை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேளம் வந்து சேர்ந்தது. காவடிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அரோகரா போட்டபடி எல்லாரும் தெருவில் இறங்கினார்கள். அனுசுயா, அடுக்களையை ஒதுக்கிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். சத்தம் மெல்ல மெல்ல மலைப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்து போயிற்று. அவள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்து, கருநீலத்திலிருந்து ஆரம்பித்து மஞ்சள் வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். எந்தக் கட்டத்தை எத்தனை தடவை பிரித்தாள் என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்தது.

“நல்லாத்தான் தெச்சிருக்கறேன்” என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, காலை நீட்டி, அதன்மேல் நன்றாகப் படுத்துக்கொண்டாள்.